ஓபரா பிறந்தது ஃபுளோரன்ஸிலா, வெனிஸிலா?

ஜனவரி 11, கேள்வி

"1600 வாக்கில் ஃபுளோரன்ஸில் சில பண்டிதர்கள் கூடிப் பேசி, பழைய கிரேக்க நாடகத்துக்கு மறுபடி உயிர் கொடுக்கப் பார்த்தார்களாம், அதில் பிறந்ததுதான் இத்தாலிய ஓபரா, அதாவது பாட்டாலேயே நடக்கிற இசை நாடகம் என்று படித்தேன். ஒரு கலை இப்படிக் கூட்டம் போட்டுப் பேசியா பிறக்கும்? எனக்கு நம்பிக்கை வரவில்லை."

ஜனவரி 11, இரவு

பாதி உண்மை. கூட்டமும் நடந்தது, பேச்சும் நடந்தது. ஆனால் பேசியவர்கள் வேறு, செய்தவர்கள் வேறு.

1570களிலும் 80களிலும் ஜொவான்னி தே பார்டி என்ற பிரபுவின் வீட்டில் கூடியவர்கள்தான் பேசியவர்கள். அவர்களில் முக்கியமானவர் வின்சென்ஸோ கலிலெய். லூட் என்ற தந்தி வாத்தியம் வாசிப்பவர், விஞ்ஞானி கலிலியோவின் அப்பா. ரோமில் இருந்த ஜிரோலாமோ மெய் என்ற கிரேக்க அறிஞர் அவருக்குக் கடிதம் கடிதமாக எழுதிக்கொண்டிருந்தார். பழைய கிரேக்கர்கள் ஒரே மெட்டில் பாடினார்கள், நாலைந்து குரலைப் பின்னிப் பாடவில்லை, அதனால்தான் கேட்டவர்கள் மனம் கலங்கினார்கள் என்பது அவர் கட்சி. கலிலெய் அதைப் பிடித்துக்கொண்டு 1581இல் ஒரு புத்தகமே போட்டார். நாலு குரல் ஒரே நேரத்தில் நாலு சொல்லைச் சொன்னால் எந்தச் சொல் மனதில் ஏறும்? அவர் கேட்டது இவ்வளவுதான்.

இந்தக் குழு ஒரு ஓபராவும் எழுதவில்லை. கலிலெய் 1591இல் இறந்துவிட்டார். பார்டி 1592இல் ரோமுக்குப் போய்விட்டார். செய்தவர்கள் அடுத்த அணி: யாக்கப்போ கோர்ஸி என்ற பணக்காரப் பிரபு, ஒத்தாவியோ ரினுச்சினி என்ற கவிஞர், யாக்கப்போ பெரி என்ற பாடகர். இவர்கள் சேர்ந்து செய்த 'தாஃப்னே'வைத்தான் முதல் ஓபரா என்று கணக்கு வைக்கிறார்கள். 1598 கார்னிவல் சமயத்தில், அதாவது தவக்காலத்துக்கு முந்தைய கொண்டாட்ட நாட்களில் நடந்தது. லிப்ரெட்டோ, அதாவது பாட்டு நூல், முழுதாகக் கிடைக்கிறது. இசையில் 6 துண்டுகள்தான் மிச்சம். அவற்றிலும் 2 கோர்ஸி மெட்டமைத்தவை.

ஜனவரி 12, காலை

'தாஃப்னே' 1597 என்று போட்ட புத்தகங்களும் உண்டு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டும் ஒரே கார்னிவல்தான். ஃபுளோரன்ஸில் அப்போது மார்ச் 25தான் புத்தாண்டு. ஜனவரி, பிப்ரவரியில் நடந்ததெல்லாம் அவர்கள் ஏட்டில் முந்தைய வருஷத்தில் விழும். இந்தக் காலத்து ஃபுளோரன்ஸ் தேதி எதைப் பார்த்தாலும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 12, இரவு

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். பண்டிதர்களிடமிருந்து நேராக 'தாஃப்னே'வுக்குத் தாவினால் நடுவில் இருக்கிற பெரிய விஷயம் விட்டுப்போகிறது. பணம்.

1589இல் ஃபுளோரன்ஸை ஆண்ட ஃபெர்டினாண்டோ தே மெடிச்சிக்கும் லொரேன் நாட்டு கிறிஸ்டீனுக்கும் கல்யாணம். அதற்காக ஒரு நகைச்சுவை நாடகம் போட்டார்கள். அதன் அங்கங்களுக்கு நடுவே 6 இசைக்காட்சிகள். நாடகத்தை யாரும் இன்று பேசுவதில்லை, நடுவில் வந்த காட்சிகளைத்தான் பேசுகிறார்கள். பெர்னார்டோ பொந்தாலெந்தி அமைத்த இயந்திரங்களில் மேகம் இறங்கும், தேவர்கள் பாடிக்கொண்டே வருவார்கள், நரகம் வாய் திறக்கும். மேற்பார்வை எமிலியோ தே காவலியேரி. பார்டி திட்டம் போட்டுத் தந்தார். ஜூலியோ கச்சினி என்ற பாடகர் மெட்டுப் போட்டார். பெரி கடலில் தள்ளப்படும் பாடகன் அரியோனாக வந்து பாடினார். ரினுச்சினி பாட்டு எழுதினார். பின்னால் ஓபராவுக்கு வந்த அத்தனை பேரும் இங்கேயே ஒன்றாக நிற்கிறார்கள்.

ஆக கிரேக்கப் பேச்சு ஒரு பக்கம், அரண்மனைக் கல்யாணச் செலவு இன்னொரு பக்கம். இரண்டும் இல்லாமல் எதுவும் நடந்திருக்காது. என் சாய்வு இப்போதைக்குச் செலவுப் பக்கம்தான்.

ஜனவரி 14

'எவுரிடிச்சே' பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ரினுச்சினி எழுத, பெரி இசையமைத்தது. இசை முழுதாகக் கிடைக்கிற மிகப் பழைய ஓபரா இது. 1600 அக்டோபர் 6, ஃபுளோரன்ஸ் பித்தி அரண்மனை. மரியா தே மெடிச்சிக்கும் பிரான்ஸ் மன்னர் நான்காம் ஹென்றிக்கும் கல்யாணம். மாப்பிள்ளை ஊரிலேயே இல்லை, பதிலாள் வைத்து நடந்த கல்யாணம். விழாவின் பெரிய நிகழ்ச்சியும் இது இல்லை. மூன்று நாள் கழித்து உஃபீத்ஸியில் நடந்த 'செஃபாலோ கவரப்பட்ட கதை'தான் பெரிது, அதன் இசை பெரும்பாலும் கச்சினியுடையது. 'எவுரிடிச்சே' ஓர் அறைக்குள் கொஞ்சம் பேருக்கு நடந்த நிகழ்ச்சி.

கல்யாண வீடு என்பதால் கதையையே மாற்றிவிட்டார்கள். பாம்பு கடித்துச் செத்த மனைவியை மீட்க ஓர்ஃபெயோ பாதாளத்துக்குப் போகிறான், திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையை மீறி மறுபடி இழக்கிறான் என்பது பழைய கதை. ரினுச்சினி நிபந்தனையையே எடுத்துவிட்டார். ஓர்ஃபெயோ போகிறான், பாடுகிறான், மனைவியோடு திரும்பி வருகிறான். புதுப்பெண் முன்னால் வேறு எப்படி முடிப்பது?

மேடைக்குப் பின்னால் வாசித்தவர்களின் பெயரைப் பெரி அச்சிட்ட நூலின் முன்னுரையிலேயே எழுதி வைத்திருக்கிறார். ஹார்ப்சிகார்டு வாசித்தது கோர்ஸியேதான். பணம் போட்ட பிரபு திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பக்கவாத்தியம் வாசித்திருக்கிறார். இவர்கள் எல்லோரும் புகழுக்காகத்தான் செய்தார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த இடம்தான் ஞாபகம் வரும்.

கச்சினியின் நடத்தை வேறு மாதிரி. தன் மாணவர்கள் பெரியின் மெட்டைப் பாடக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தார். அவர்கள் பாடிய பகுதிகளுக்குத் தானே இசையமைத்துக் கொடுத்தார். அதாவது அன்றைக்கு நடந்த 'எவுரிடிச்சே' கலவைதான். அப்புறம் அதே லிப்ரெட்டோவுக்கு முழுதாக இசையமைத்து, பெரியின் நூல் வெளிவருவதற்குச் சில வாரம் முன்பே, 1600 டிசம்பர் தேதியிட்ட சமர்ப்பணத்தோடு அச்சில் கொண்டுவந்துவிட்டார். அது மேடையேறியது 1602 டிசம்பரில்தான்.

ஜனவரி 15

"அப்படியானால் முதலில் செய்தது யார், பெரியா கச்சினியா?" என்று ஒரு கேள்வி. மூன்றாமவர் ஒருவரும் வரிசையில் நிற்கிறார். 1600 பிப்ரவரியில், 'எவுரிடிச்சே'வுக்கு 8 மாதம் முன்னால், ரோமில் வல்லிச்செல்லா தேவாலயத்து ஜெப மண்டபத்தில் காவலியேரி ஆத்மாவும் உடலும் வாதாடுகிற ஓர் இசை நாடகத்தை நடத்திவிட்டார். கிட்டத்தட்ட முழுக்கப் பாட்டு. உரிமை தன்னுடையது என்று கடிதங்களில் சண்டையும் போட்டிருக்கிறார். 'எவுரிடிச்சே' இசை ஏசுவின் பாடுகளைக் கோவிலில் ஓதுவது போல அலுப்பாக இருந்ததாக ஊரில் பேச்சு என்றும் எழுதியிருக்கிறார். போட்டியாளர் சொல் அது, அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரியின் பெருந்தன்மையைச் சொல்ல வேண்டும்: தனக்குத் தெரிந்தவரை நம் இசையை முதலில் மேடையில் கேட்கச் செய்தவர் காவலியேரிதான் என்று தன் முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்.

ஜனவரி 18

நாலு நாளாக யார் முதல், யார் காசு என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். இசைக்குள் போகாமல் இதைப் பேசிப் பயனில்லை.

பெரி கண்டுபிடித்தது என்ன? முன்னுரையில் தெளிவாகச் சொல்கிறார். பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு நடை வேண்டும். நாம் பேசும்போது சில அசைகளில் குரல் ஊன்றி நிற்கிறது, மற்றவற்றை வேகமாகக் கடக்கிறது. ஊன்றுகிற இடத்தில் மட்டும் கீழ்ச்சுரமும் குரலும் ஒத்துப்போனால் போதும். நடுவில் குரல் கீழ்ச்சுரத்தோடு உரசினாலும் பரவாயில்லை, அடுத்த ஊன்றல் வரை கீழ்ச்சுரம் அசையாமல் நிற்கட்டும். விருத்தம் பாடுகிறவருக்குப் பின்னால் சுருதி நிற்பதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஆனால் ஒவ்வொரு குரலும் தாளக் கணக்கில் பூட்டிக் கிடந்த இத்தாலியில் இது பெரிய துணிச்சல்.

நான் பொலோஞாவில் வேலை பார்த்த காலத்தில் பழைய இசை பாடும் சின்னக் குழு ஒன்றின் ஒத்திகையில் ஓரமாக உட்கார விட்டார்கள். எனக்குப் பக்கத்தில் கித்தரோனே வாசிப்பவர். லூட் குடும்பத்து வாத்தியம், கழுத்து ஆள் உயரம். அவர் முன்னால் இருந்த தாளில் ஒரே ஒரு கீழ்வரி, அங்கங்கே சில எண்கள், அவ்வளவுதான். அவர் தாளைப் பார்க்கவே இல்லை. பாடகியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் மூச்சு இழுக்கும்போது இவர் விரல் தந்தி மேல் போய் நிற்கும், சொல் விழும்போது மீட்டும். ஒரு வரியில் பாடகி வேண்டுமென்றே ரொம்ப நேரம் தாமதித்தார். இவரும் காத்தார். அறையில் யாரும் தாளம் போடவில்லை. பெரி எழுதிய அந்தப் பத்தி எனக்குப் புரிந்தது அங்கேதான்.

அவர்கள் ஒத்திகை பார்த்தது மான்டுவா அரண்மனை இசையமைப்பாளர் மொன்டெவெர்டியின் 'ஓர்ஃபெயோ', இரண்டாம் அங்கம். 1607 பிப்ரவரி 24, மான்டுவா, அந்த ஊரை ஆண்ட கொன்ஸாகா குடும்பத்தின் அரண்மனை. லிப்ரெட்டோ அலெஸ்ஸாந்த்ரோ ஸ்ட்ரிஜ்ஜோ. கல்யாணம் கிடையாது, கார்னிவல் நிகழ்ச்சி, ஓர் அகாடமியின், அதாவது அறிஞர் சங்கத்தின் அங்கத்தினர்களுக்காக. மேடை குறுகலானது என்று 1609இல் நூலை அச்சிட்டபோது மொன்டெவெர்டியே சமர்ப்பணத்தில் எழுதுகிறார்.

அந்த இடத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். ஓர்ஃபெயோவும் இடையர்களும் குதூகலமாகப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். சட்டென்று தூது வந்தவளின் ஒற்றைக் குரல் வெட்டிக்கொண்டு நுழைகிறது. பளபளவென்ற வாத்தியங்கள் எல்லாம் நின்றுபோய், மரக்குழல் ஆர்கனும் ஒரு கித்தரோனேவும் மட்டும். அவள் விஷயத்தைச் சொல்ல முடியாமல் சுற்றுகிறாள். "உன் அழகிய எவுரிடிச்சே..." என்று ஆரம்பிக்கிறாள். அவன் குறுக்கிட்டு "ஐயோ, என்ன கேட்கிறேன்?" என்கிறான். அவள் வாக்கியம் ஈ மேஜரில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அவன் ஜி மைனரில் விழுகிறான். இரண்டுக்கும் ஒட்டே கிடையாது. ஒரே அறையில் நிற்கிற இரண்டு பேர் வேறு வேறு உலகத்தில் இருப்பது சுரத்திலேயே கேட்கிறது. அப்புறம் "உன் அன்பு மனைவி இறந்துவிட்டாள்" என்று முடிக்கிறாள். பதிலுக்கு அவன் சொல்வது மறுபடி ஒரு "ஐயோ" மட்டும்.

ஆரியா என்கிற தனிப்பாட்டு எதுவும் இல்லை, கூவல் இல்லை. கலிலெய் கேட்டாரே, எந்தச் சொல் மனதில் ஏறும் என்று. அதற்குப் பதில் இங்கே கிடைக்கிறது.

ஜனவரி 19

12ஆம் தேதி செலவுப் பக்கம் சாய்வதாக எழுதியிருந்தேன். நேற்றைய குறிப்பை எழுதிய பிறகு தராசு அசைகிறது. மேகத்தை இறக்கப் பணம் போதும். நிற்கிற கீழ்ச்சுரத்தின் மேல் ஒருத்தி திக்கித் திணறிச் செய்தி சொல்வதற்கு, சொல்தான் முக்கியம் என்று யாரோ முன்னாலேயே பிடிவாதமாக வாதாடியிருக்க வேண்டும்.

இன்னொன்று. 1600இல் பெரியின் 'எவுரிடிச்சே'யில் பாடிய பிரான்செஸ்கோ ராஸி மான்டுவா அரண்மனைப் பாடகர். 1607இல் ஓர்ஃபெயோவாகப் பாடியவரும் அவரே என்றுதான் பெரும்பாலோர் கருதுகிறார்கள். மான்டுவா கோமகன் வின்சென்ஸோ கொன்ஸாகாவின் மனைவி, 1600 கல்யாணப்பெண்ணான மரியாவுக்கு அக்காள், ஆகவே கல்யாண வீட்டுக்கு அந்தக் குடும்பமே போயிருந்தது. ஒரு பாணி ஊர்விட்டு ஊர் போவது இப்படி, ஆள் மூலமாக.

ஜனவரி 20

மூன்றாம் அங்கப் பாட்டு பற்றிக் கேட்டவருக்கு. பாதாள ஆற்றின் ஓடக்காரன் கரோன்டேயை மயக்க ஓர்ஃபெயோ பாடுகிற பாட்டு அது. அச்சு நூலில் குரலுக்கு இரண்டு வரி இருக்கிறது: ஒன்று வெறும் மெட்டு, ஒன்று அலங்காரமெல்லாம் சேர்த்து எழுதியது. ராஸி தரத்துப் பாடகர் இதை எப்படிப் பாடியிருப்பார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. வயலின்கள், கொர்னெட்டுகள், இரட்டை வரிசை ஹார்ப் என்று முறை வைத்துப் பதில் சொல்கின்றன.

எனக்குப் பிடித்தது அடுத்து நடப்பது. ஓடக்காரன் "இனிமையாகத்தான் இருக்கிறது, ஆனால் இரக்கம் என் குணத்தில் இல்லை" என்று மறுத்துவிடுகிறான். அவ்வளவு வித்தை காட்டியும் கதவு திறக்கவில்லை. ஓர்ஃபெயோ வித்தையை விட்டுவிட்டு, என் செல்வத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று எளிமையாகக் கெஞ்சுகிறான். ஓடக்காரன் தூங்கிவிடுகிறான், இவன் ஓடத்தில் ஏறிப் போகிறான்.

ஜனவரி 21

'ஓர்ஃபெயோ' முடிவு பற்றிச் சின்னத் தகவல். 1607இல் அச்சான லிப்ரெட்டோவில் கடைசியில் மதுத் தெய்வம் பாக்கஸின் வெறிபிடித்த பெண்கள் வருகிறார்கள். 1609 இசை நூலில் அப்பல்லோ தெய்வம் இறங்கி வந்து மகன் ஓர்ஃபெயோவை வானத்துக்கு அழைத்துப் போகிறார். எனக்கு அப்பல்லோ முடிவு ஒட்டவே இல்லை. அவ்வளவு துக்கத்துக்குப் பிறகு அப்பாவும் மகனும் சேர்ந்து அலங்கார வரிசை பாடுவது கேட்க நன்றாக இருக்கிறது, மனம் ஏற்கவில்லை.

ஜனவரி 25

மொன்டெவெர்டியின் அடுத்த ஓபரா 'அரியானா' ஏன் பாடப்படுவதில்லை என்ற கேள்விக்குப் பதில் சுருக்கமானது: இசை தொலைந்துவிட்டது. ஒரு புலம்பல் மட்டும் மிஞ்சியது.

பின்னணி சுருக்கமானது இல்லை. 1607 செப்டம்பரில் மொன்டெவெர்டியின் மனைவி கிளாவுடியா இறந்தார். கொஞ்ச நாளிலேயே இளவரசர் கல்யாணத்துக்கு ஓபரா எழுத வா என்று மான்டுவா அழைத்தது. அரியானாவாகப் பாட வேண்டியவர் கத்தரீனா மார்ட்டினெல்லி. 13 வயதில் ரோமிலிருந்து வந்து மொன்டெவெர்டி வீட்டிலேயே தங்கிப் பாட்டுக் கற்ற பெண். 1608 மார்ச்சில், ஒத்திகை நடந்துகொண்டிருக்கையில், அம்மை நோயில் இறந்துபோனார். நாடக நடிகை விர்ஜீனியா ஆந்த்ரேயினி சில நாட்களில் அந்தப் பாகத்தைக் கற்று மே 28 அன்று மேடையேறினார். கைவிடப்பட்ட அரியானா "என்னைச் சாக விடுங்கள்" என்று பாடியபோது கண்ணீர் விடாத பெண்ணே அரங்கில் இல்லை என்று அரண்மனைக் குறிப்பு சொல்கிறது. அந்த அவசரம் தன்னைச் சாவின் விளிம்புக்குக் கொண்டுபோனதாக 12 வருஷம் கழித்தும் மொன்டெவெர்டி கடிதத்தில் எழுதுகிறார்.

கல்யாணத்துக்குச் செய்த ஓபராக்கள் ஏன் தொலைகின்றன என்பதையும் இங்கேயே பார்க்கலாம். விழா முடிந்தால் வேலை முடிந்தது. மறுபடி போடுவதற்கு யாருக்கும் தேவை இல்லை. அச்சிட்டால் பிழைக்கும், இல்லையென்றால் இல்லை.

ஜனவரி 26

ஃபுளோரன்ஸ் அத்தோடு நின்றுவிட்டதா என்றால் இல்லை. கச்சினியின் மகள் பிரான்செஸ்கா கச்சினி 1625 பிப்ரவரியில், போலந்து இளவரசர் வருகைக்காக, 'அல்சினாவின் தீவிலிருந்து ரூஜியேரோ விடுதலை' என்பதை நகருக்கு வெளியே ஒரு மாளிகையில் மேடையேற்றினார். ஒரு பெண் இசையமைத்து நமக்குக் கிடைக்கிற முதல் ஓபரா. அப்பாவின் சண்டைகளை எழுதிய அளவுக்கு மகளின் இசையை எழுத மாட்டேன் என்கிறார்கள், அது எனக்கு வருத்தம். ரோமில் பார்பெரீனி குடும்பம் நடத்திய ஓபராக்களுக்கு லிப்ரெட்டோ எழுதிய ஜூலியோ ரோஸ்பில்யோஸி பின்னாளில், 1667இல், போப் ஆண்டவரே ஆனார்.

ஜனவரி 30

இனி வெனிஸ். தலைப்பில் இருக்கிற கேள்விக்கு வந்தாகிவிட்டது.

1637, சான் கஸ்ஸியானோ அரங்கு. ட்ரோன் குடும்பத்துச் சொத்து. பெனெடெட்டோ ஃபெர்ராரி எழுத, பிரான்செஸ்கோ மனெல்லி இசையமைத்த 'ஆந்த்ரோமெடா'. மனெல்லியும் அவர் மனைவி மத்தலேனாவும் மேடையில் பாடினார்கள். ஊர் ஊராகப் போகிற கலைஞர்கள், சொந்த முதல், சொந்த உழைப்பு. வாசலில் காசு கொடுத்தால் யாரும் உள்ளே வரலாம். அதுவரை அழைப்பு இருந்தால்தான் ஓபரா.

கணக்கு எப்படி ஓடியது? மாடி மாடியாக இருந்த பெட்டி அறைகளைப் பெரிய குடும்பங்கள் வருஷ வாடகைக்கு எடுத்தன, தலைமுறை தலைமுறையாக வைத்துக்கொண்டன. கார்னிவல் சமயத்தில் வெளியூர்க் கூட்டம் வேறு. லிப்ரெட்டோவைச் சின்னப் புத்தகமாக விற்றார்கள், சிறு மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஆட்டம் நடக்கும்போதே படித்தார்கள். 1641க்குள் 4 அரங்குகள் வந்துவிட்டன. அவற்றில் நோவிஸ்ஸிமோ என்பதில் யாக்கப்போ டொரெல்லி ஓர் ஏற்பாடு செய்தார்: ஓர் எடையை அவிழ்த்துவிட்டால் அத்தனை ஓரத் தட்டிகளும் ஒரே நேரத்தில் மாறும். அதே அரங்கில் 1641இல் பைத்தியம் போல நடிக்கிற நாயகியாகப் பாடிய அன்னா ரென்ஸிக்கு ஊரே அடிமை.

மிச்சம் பிடித்த இடமும் தெரிகிறது. மான்டுவாவில் இருந்த பெரிய வாத்தியக் கூட்டம் போச்சு, கோரஸ் கிட்டத்தட்டப் போச்சு. கொஞ்சம் தந்தி வாத்தியங்கள், ஹார்ப்சிகார்டு, லூட் வகைகள். காசு எல்லாம் பாடகருக்கும் இயந்திரத்துக்கும்.

சான் கஸ்ஸியானோ இருந்த பகுதிக்குப் போயிருக்கிறேன். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடித்துவிட்டார்கள், பார்ப்பதற்கு எதுவும் இல்லை. அவ்வளவு பெரிய விஷயம் நடந்த இடத்தில் சும்மா ஒரு சந்தில் நின்றுவிட்டு வந்ததில் எனக்குக் கோபம்கூட வந்தது.

பிப்ரவரி 2

"அப்படியானால் வெனிஸ்தான் என்று ஒத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

மொன்டெவெர்டி அப்போது வெனிஸில்தான் இருந்தார், சான் மார்க்கோ தேவாலய இசைத் தலைவராக. 70 வயதைத் தாண்டியபின் டிக்கெட் அரங்குக்கு எழுத வந்தார். 1643 கார்னிவலில் 'பொப்பேயாவின் முடிசூட்டு'. லிப்ரெட்டோ புஸெனெல்லோ. புராணம் இல்லை, ரோம வரலாறு: நீரோ மனைவியைத் துரத்திவிட்டுக் காதலியை அரசியாக்குகிறான். கெட்டவர்கள் ஜெயிக்கிறார்கள். எந்த அரண்மனைக் கல்யாணத்தில் இதைப் போட முடியும்? காசு கொடுத்து வந்தவர்களுக்குத்தான் இந்தக் கதையைச் சொல்லலாம்.

துரத்தப்பட்ட ஒத்தாவியா நாடு கடத்தப்படும் இடம். பாடியவர் அன்னா ரென்ஸி. "அத்தியோ ரோமா", அதாவது "ரோமே, விடைபெறுகிறேன்" என்று தொடங்க வேண்டும். முதல் சொல்லின் முதல் அசையே வரவில்லை. 'அ' என்று விட்டு விட்டு, மூச்சு அடைத்து அடைத்து வந்து, அப்புறம்தான் சொல் முழுதாகிறது. கீழே நிற்பது ஒரு கீழ்ச்சுரம், காத்துக்கொண்டு.

அது பெரியின் கீழ்ச்சுரம்தான். சிக்கனம் பிடித்த வெனிஸ் அரங்கில் கோரஸ் போனது, மேளம் போனது, இது மட்டும் போகவில்லை. ஆகவே என் பதில்: கலை ஃபுளோரன்ஸில் பிறந்தது, பிழைத்தது வெனிஸில். வெனிஸ் இல்லாமல் போயிருந்தால் ஃபுளோரன்ஸ் வேலை சில கல்யாணங்களோடு நின்றிருக்கும். ஆனால் வெனிஸ் விற்ற சரக்கு ஃபுளோரன்ஸ் செய்த சரக்கு.

பிப்ரவரி 3

'பொப்பேயா'வின் கடைசிக் காதல் பாட்டு மொன்டெவெர்டியுடையதா? பெரும்பாலும் இல்லை. வெனிஸ் பிரதி, நேப்பிள்ஸ் பிரதி இரண்டும் அவர் இறந்தபின் எழுதப்பட்டவை. அந்தப் பாட்டின் வரிகள் ஃபெர்ராரியின் இன்னொரு ஓபராவின் லிப்ரெட்டோவில் முன்பே அச்சாகியிருக்கின்றன. 1637இல் சான் கஸ்ஸியானோவைத் திறந்துவைத்த அதே ஃபெர்ராரி. நாலு பேர் கைபட்ட வேலை என்பதால் பாட்டின் அழகு குறைந்துவிடாது.

பிப்ரவரி 5

புதிதாகக் கேட்கிறவர்கள் எதில் ஆரம்பிக்கலாம் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். 'எவுரிடிச்சே'யில் ஆரம்பிக்க வேண்டாம், காது பழகாமல் கேட்டால் நீளமாகத் தெரியும். 'ஓர்ஃபெயோ' இரண்டாம் அங்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அரை மணிக்குக் கொஞ்சம் குறையும். லிப்ரெட்டோ மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள், வெனிஸ்காரர்களும் படித்துக்கொண்டேதான் கேட்டார்கள். அடுத்து ஒத்தாவியாவின் விடைபெறல். இரண்டும் பிடித்துப்போனால் 'எவுரிடிச்சே'க்கு வாருங்கள். தாஃப்னே என்ற தோழி பாம்பு கடித்த செய்தியைச் சொல்கிற இடத்துக்கு நேராகப் போங்கள். 1600இல் அதைப் பாடியது லூக்கா ஊரிலிருந்து வந்த சிறுவன் ஒருவன். மொன்டெவெர்டியின் தூதுக்காரி எங்கிருந்து கிளம்பி வந்தாள் என்று அதைக் கேட்டாலே தெரிந்துவிடும்.